கேட்காமல் கொடுத்த ஓணான்

இன்று காலை ஒரு கல்லூரிப் பெண் பையிலிருந்து சட்டை ஒன்றை எடுத்து என் மேசைமேல் போட்டாள். மண்ணெண்ணெயும் புது பிளாஸ்டிக்கும் கலந்தது போன்ற ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. ஃபேனைக் கூட்டி வைத்தும் போகவில்லை. கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால் லேபிளில் உன் ஓணான். மதில்மேல் உட்கார்ந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் அதே ஓணான், பாலக்கரையில் உங்கள் வீட்டு மாடியில் நீ பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கியது.

"அக்கா, இது உங்க பிராண்டுதானே? கிழிஞ்சா எப்ப வேணா கொண்டு வரலாம், தைச்சுக் குடுப்பீங்கன்னு எங்க சீனியர் சொன்னாங்க" என்றாள்.

தோள்பட்டையில் கிழிந்திருந்தது. நூல் அறுந்திருக்கவில்லை. நூலைச் சுற்றியிருந்த துணிதான் பிய்ந்துபோயிருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். உள்பக்கம் நம் தடித்த ட்வில் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். "ஓணான் மட்டும்தாம்மா எங்களோடது. சட்டை வேற யாரோ தைச்சது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் உன்னைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். போய்ச் சேர்ந்தவர்களைத் திட்டக்கூடாது என்பாள் என் அம்மா. என்பாள், அவளுக்கென்ன.

கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே எனக்கு மாமி என்று பெயர் வைத்தவள் நீ. நான் ஸ்ரீரங்கம் என்று சொன்னது ஒன்றுதான் குற்றம். கல்யாணமே ஆகாதவளை வகுப்பே மாமி என்று கூப்பிட்டது. படிப்பு முடிந்து ஆளுக்கொரு கம்பெனியில் குப்பை மாதிரித் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, "ரோட்டுல போடுற துணி ரோட்டைத் தாங்கணும்டி மாமி. நாமளே பண்ணுவோம்" என்று ஒரு நாள் போனில் சொன்னாய். அவ்வளவுதான். உன் அத்தா துபாயிலிருந்து வாங்கிக் கொடுத்த இரண்டு மெஷின், உங்கள் மாடி அறை, நாம் இருவர். தொளதொளச் சட்டை, பக்கவாட்டுப் பாக்கெட் வைத்த பேண்ட், பைக்கிலும் டீக்கடை வாசலிலும் கிடக்கிறவர்கள் போடுகிற உடுப்பு. எல்லாம் முரட்டுக் காடாத் துணியிலும் ட்வில்லிலும். ஒரு மாதிரியில் முப்பதுக்கு மேல் தைப்பதில்லை. இன்னும் கேட்டு வருகிறவர்களிடம், "தீர்ந்து போச்சுங்க. வாங்கினவங்களப் பாத்துப் பொறாமைப்படுங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவாய். வருகிற வியாபாரத்தை விரட்டுகிறாளே என்று எனக்கு வயிறு எரியும்.

எல்லாவற்றையும்விட உன் பிடிவாதம் அந்தச் சோதனையில்தான். முதல் உருப்படியைத் தைத்து, நம்மில் ஒருத்தி அதை மாதக்கணக்கில் போட்டு உழைத்துப் பார்க்காமல் மீதியை வெட்டவே விடமாட்டாய். அந்தப் பேண்ட்டோடு உப்பிலியபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருவாய். கல்லில் அடித்துத் துவைப்பாய். முழங்காலை வேண்டுமென்றே தரையில் தேய்ப்பாய். "நல்ல துணின்னு கடைக்காரன் சொன்னா ஆச்சா? என் உடம்பு சொல்லணும்" என்பாய்.

அப்படியும் ஒருமுறை வழுக்கி விழுந்தோம். நீலப் பேண்ட்டை மார்கழியில் போட்டுப் பார்த்து, அருமை என்று தைத்து விற்றுவிட்டோம். சித்திரை வெயிலில் எல்லோருக்கும் வியர்த்தது, சாயம் இறங்கியது. ஸ்கூட்டர் சீட் நீலம், தொடை நீலம், ஆபீஸ் நாற்காலி நீலம். நானும் தெரியாமல் எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அப்பா கோயிலிலிருந்து வந்து பார்த்து, "ஏண்டி, பெருமாள் திருமேனி வர்ணம் பலகையில ஏறிடுத்தே! இதுல நான் எப்படி உக்காருவேன், அபசாரமோன்னோ?" என்று துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார். நீ சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாய். ஆனால் விற்றதெல்லாம் திரும்பி வந்தாக வேண்டும் என்று வீடு வீடாகப் போனதும் நீதான். அதன் பிறகு வெயிலில் சோதிக்காத எதையும் நாம் வெட்டியதில்லை.

ஓணானை நம் பிராண்டு முத்திரையாகப் பதிவு செய்ய வேண்டி வந்தபோது என் தங்கை கல்யாண வேலையில் நான் மூழ்கிக் கிடந்தேன். நீ போய் உன் பெயரில் பதிந்துவிட்டு வந்தாய். யார் பெயரில் இருந்தால் என்ன என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், தலையில் மிச்சமிருந்த முடியைச் சீவிவிட்டேன், துணி மாதிரிகளைக் கொண்டுவந்து உன் விரலில் வைத்தேன். நீ கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டு, "இது வேணாம், ரொம்பச் சொகுசு. அடுத்த பேண்ட்டுக்குப் பாக்கெட்ட இன்னும் ஆழமா வைப்போம் மாமி. போன் விழுந்துகிட்டே இருக்கு" என்றாய். சரி என்று வரைந்து காட்டினேன். ஒரு விரல் கீழே இறக்கச் சொன்னாய், இறக்கினேன்.

அப்போதே நீ ஓணானை விற்றிருந்தாய்.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தபோது உன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஊரெல்லாம் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டதாம். "தப்பா எடுத்துக்காதம்மா. வைத்தியத்துக்கு அத்தா பணம் இருந்துச்சு, அதுக்காக இல்ல. உனக்காகத்தான் செஞ்சா. 'அவ தனியா இழுக்கமாட்டாண்ணே, பாவம். அவளுக்கு அங்கயே ஒரு வேலையும் பேசி முடிச்சுடுங்க'ன்னு சொன்னா." பணத்தில் பாதி என் பெயருக்கு வந்தது, வேலைக்கான கடிதமும் வந்தது. எல்லாம் சுத்தமாகச் செய்திருந்தாய். பிரியாணித் தட்டை யாரோ என் கையில் கொடுத்தார்கள். நான் அதைத் திண்ணையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த வேலைக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன், நீ ஏற்பாடு செய்தாயே என்று. மேனேஜர் நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். துணி மெலிதாக இருக்கிறதே என்றேன். "மேடம், நாலு வாஷ் தாங்கினா போதுங்க. அதுக்குள்ள அடுத்த டிசைன் வந்துடும்" என்றார். அவர் மேசைக்குப் பின்னால் கூரைவரை அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓணான். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ விற்றதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு முழம் காடாவைக்கூட மாதக்கணக்கில் போட்டு உழைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதவள் நீ. இத்தனை வருஷம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த என்னைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல், தாங்கமாட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். அதை மறைத்துக்கொண்டு என்னிடம் பாக்கெட் ஆழம் பேசியிருக்கிறாய். அது கருணையா நடிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் வலிக்கிறது.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சின்ன அறை பிடித்திருக்கிறேன். ஒரு மெஷின் என்னுடையது, இன்னொன்றை உன் அம்மா கொடுத்தனுப்பினார்கள். லேபிள் கிடையாது. பெயர் என்ன என்று கேட்கிறவர்களிடம் பெயரெல்லாம் இல்லைங்க என்கிறேன். பாதிப் பேர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். முப்பதைத் தைத்து முடிப்பதற்குள் இடுப்பு ஒடிகிறது. சில மாதம் வாடகைக்கே இழுபறி. நீ சொன்னது சரிதானோ என்று தோன்றுகிற சாயங்காலங்கள் உண்டு, பொய் சொல்வானேன். ஆனாலும் இந்தக் கோடை முழுக்க ஒரே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு திருவெள்ளறை வரை ஸ்கூட்டரில் போய் வந்தேன். சாயம் போகவில்லை, தையல் விடவில்லை. வியாழக்கிழமை மீதியை வெட்டப் போகிறேன்.

உன்னிடமிருந்து எனக்குத் தங்கியது இந்தப் பிடிவாதமும் உன்மேல் உள்ள கோபமும்தான். இரண்டும் ஒன்றாகவே கூட வருகின்றன.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "உன்னால முடியுமாடி?" என்று கேட்டிருக்கலாம். முடியாது என்றுதான் ஒருவேளை சொல்லியிருப்பேன், அழுதுகூட இருப்பேன். ஆனால் நீ கேட்டிருக்க வேண்டும்.