அச்சில் வராதவனுக்கு அடிக்குறிப்பு

ஜெராக்ஸ் எடுத்த சூடு ஆறாத தாள்களோடு நேற்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நெய்யாற்றின்கரைக்காரி, முதுகலை மாணவி. தாள்களை மேசைமேல் விரித்ததுமே உன் ஆய்வேட்டின் பக்கங்கள் என்று தெரிந்துகொண்டேன். நீ செத்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பக்கங்கள் எனக்கு மறக்கவில்லை.

நம் பக்கத்து ஏலாக்களின், அந்த வயல்பரப்புகளின், பழைய பெயர்களைப் பற்றி அவள் கட்டுரை எழுதுகிறாள். மாறாங்குழி ஏலா திருப்புறத்தில் இருப்பதாக நீ எழுதியதை நம்பி அங்கே போயிருக்கிறாள். அப்படியொரு பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதனால் உன் ஏட்டின் கடைசியில் உள்ள தகவலாளர் பட்டியலைப் புரட்டி, அதில் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒருவனைத் தேடி வந்தாள். பதினேழாம் எண். படிப்பு: எட்டாம் வகுப்பு. தொழில்: ஓட்டு ஆலைக் கூலி.

ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலாப் பெயர்களைக் கேட்டு அதியன்னூரும் கோட்டுகாலும் நடந்தேன். பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி, பின்பக்கத்தில் நானூறு சீட்டு எழுதினேன். யார் சொன்னார், எந்த நாள், எந்த வரப்பில் நின்று சொன்னார், எல்லாம் அதில் உண்டு. ஒரே பெஞ்சில் படித்தவன் என்று, சீட்டுகளைப் போட்டுவைத்த செருப்புப் பெட்டியோடு உன்னிடம் கொடுத்தேன். எடுத்தெழுதிக்கொண்டு திருப்பித் தந்தாய். ஏடு அட்டை கட்டி வந்த அன்று, அடிக்குறிப்பில் என் பெயர் எங்கே என்று கேட்டேன். சிரித்தாய்.

"அச்சில வந்தவனுக்குத்தான் அடிக்குறிப்பு, மக்கா. சொன்னவனுக்குப் பின்னால பட்டியல் உண்டு. அதாக்கும் முறை."

முறை என்றதும் அடங்கிவிட்டேன். நானாகத் தட்டுத்தடுமாறிப் படித்தவனுக்கு முறை என்ன தெரியும்?

நேற்று அவளுக்கு அந்த ஏலாவின் சீட்டைக் காட்டினேன். மாறாங்குழி இருப்பது கோட்டுகாலில். சொன்ன கிழவருக்கு ஊர் திருப்புறம். வயலுக்கும் அதையே எழுதியது என் தவறு. ஏடு வந்த பிறகுதான் தெரிந்து, சிவப்பு மையில் திருத்தினேன். உன்னிடம் சொன்னபோது, "ஆரு போய்ப் பாக்கப்போறா, விடுலே" என்றாய்.

சீட்டையே அடிக்குறிப்பில் போடுகிறேன் என்றாள். அச்சில் வராததை எப்படிப் போடுவாய் என்று கேட்டேன்.

"அதுக்கும் முறை உண்டு மாமா. எழுதினவரு பேரு, கையெழுத்துச் சீட்டு, நம்பர், வச்சிருக்க எடம். ஒரு வரிதான்."

ஒரு வரி. பதினொரு பேருக்கு ஆய்வு நெறியாளராக இருந்த உனக்கா அது தெரியாது?

உன் பெயரை எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டாள். கூடாது என்றேன். முதலில் என் சீட்டு, தவறு என்னுடையது என்பதோடு. அடுத்து உன் பக்க எண், அந்தத் தவறை அப்படியே எடுத்தெழுதியது என்பதோடு. நான் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் தட்டினாள்.

உன் பதினாறாம் நாளில் இலையில் உட்காராமல் திரும்பியபோது, செத்தவனோடு என்ன பகை என்று உன் தம்பி கேட்டான். பகை இல்லை, மனத்தாங்கல்தான் என்றேன். முறை அப்படித்தான் என்று அன்றும் நம்பியிருந்தேன்.

நேற்றிலிருந்து பகைதான்.