மூன்றாம் ஓலை

7-1-72, வெள்ளி

பனி. எட்டு மணிக்கும் பெரிய கோயில் கோபுரம் தெரியவில்லை. ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கோத்துக்கொள்ளும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ. சைக்கிளில் பீங்கான் பாக்டரிக்குப் போகையில் எதிரே வந்தவர்கள் தலையில் துண்டோடு பாதி ஆளாக வந்து பாதி ஆளாகப் போனார்கள். எனக்கு இந்த மாதம் பிடிக்கும். யார் வணக்கம் சொன்னாலும் தெரியாத மாதிரி போய்விடலாம்.

ஸ்டோரில் வெள்ளை மண் மூட்டை இறங்கியது. நாள் முழுக்கத் தூசி. சாயங்காலம் வாசலில் எஸ்தர், "வெள்ளையடிச்ச கல்லறையாட்டம் நிக்கிறீங்க, போய்க் கழுவிட்டு வாங்க" என்றாள். இருபத்தைந்து வருஷமாக வேதத்தை என்மேல்தான் பிரயோகிக்கிறாள்.

செய்ய வேண்டியது: பத்திரிகை அச்சுக்கு. பந்தல்காரர். வீட்டுக்குச் சுண்ணாம்பு. கடலூர்ச் சம்பந்திக்குக் கடிதம்.

ஞாயிறு முதல் ஓலை. மகள் கிருபைக்கும் கடலூர் ஹைஸ்கூல் வாத்தியாருக்கும் கலியாணம் என்று பாதிரி ஐயர் மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்பார். இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. அதுவும் ஆராதனையில் ஒரு ராகம்.

மாலை ஜெபக்கூட்டத்தில் ராகேல் பேசினாள். சூளையில் நெருப்பு பார்க்கும் யோவானின் பெண்சாதி. படிப்பு மூன்றாங்கிளாஸ். கண்ணை மூட மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள். பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோல் ஆண்டவர் காட்டியதைச் சொல்வாள். இன்று மணிமுத்தாற்று மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதாம், தோண்டுகிறவர்கள் தோண்டலாமாம். விதவை தாயம்மா விசும்பினாள். நானும் ஆமென் சொன்னேன்.

இவளைச் சபையில் பேச விட்டதே நான்தான். போன வருஷம் சபைச் சங்கக் கூட்டத்தில் செல்லையா மூப்பர், நம் சபையில் தீர்க்கதரிசனம் வழக்கமில்லை என்று குதித்தார். பரிசுத்த ஆவியானவர் ரிட்டயர் ஆகிவிட்டாரா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்று முடிவானது: அவள் காணிக்கைக்கு முன் எழுந்து சொல்லலாம், சொன்னதை மூப்பர்கள் ஆராய வேண்டும். அற்பமாகத் தள்ளவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. வாசகம் என்னுடையது. கொஞ்சம் பெருமைதான்.

9-1-72, ஞாயிறு

முதல் ஓலை ஆயிற்று. "தேவசகாயம், எஸ்தர் தம்பதியின் குமாரத்தி" என்று ஐயர் வாசிக்கும்போது வேறு யார் பெயரோ போல இருந்தது. ஜன்னல் வழியே வெயில் தூளாக வந்தது. அவளைத் தொட்டிலில் போட்ட நாள் மாதிரியும் இருந்தது, இன்று மாதிரியும் இருந்தது.

கிருபை வீட்டில். ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் பெண் கோயிலுக்கு வரக் கூடாது, நம் சபைப் பழக்கம். திரும்பி வந்தபோது அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசிச்சாச்சு என்றேன். "சரிப்பா" என்றாள்.

தலையில் சீயக்காய் வைத்தும் எனக்கு வெள்ளைத்தூள் போகவில்லை.

12-1-72, புதன்

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோரில் மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர்ந்தேன். கனவு. ஆறு முழுக்க வெள்ளை மண் கரைந்து பாலாக ஓடுகிறது. அக்கரையில் கிருபை. கூப்பிடுகிறேன், என் வாயிலிருந்து சத்தத்துக்குப் பதில் தூசி வருகிறது. விழித்தபோது நாக்கில் உண்மையிலேயே மண். தூசி கிளப்பிய லோடுமேனை ஏசினேன். பாவம்.

கிருபையும் இங்கேதான், பொம்மைப் பிரிவில் வண்ணம் தீட்டுகிறாள். கண் எழுதுவது அவள் வேலை. கை நடுங்காதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். இந்த வாரம் இரண்டு பொம்மைக்குக் கண் கோணிப்போனதாகச் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார். எஸ்தரிடம் சொன்னேன். கலியாணப் பெண் அப்படித்தான், சோறுகூட இறங்காது என்றாள். சரி.

பந்தல்காரர் இன்னும் வரவில்லை. எமகாதகன்.

16-1-72, ஞாயிறு

என்ன எழுதுவது?

பொங்கல் லீவுக்கு வந்தவர்களால் கோயில் நிறைந்திருந்தது. கடலூரிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் ஓலை. தடை உண்டா? ஐயர் காணிக்கைப் பாட்டுக்கு நம்பர் சொல்ல வாயெடுத்தார். ராகேல் எழுந்தாள்.

"கிருபை அழுவுறத நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு கர்த்தர் சொல்றார்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் எஸ்தர் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். செல்லையா மேல்கூரையைப் பார்த்தபடி தாடையைத் தடவினார். ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தார் போல. பாட்டு எது என்று நினைவில்லை. வாயை அசைத்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் சித்தப்பா, பெண்ணுக்கு ஏதாவது உடம்பா என்று மெதுவாக விசாரித்தார். சளி என்றேன். பொய். கோயில் வாசலிலேயே.

17-1-72, திங்கள்

தூக்கமில்லை. கிருபை காதில் விழக் கூடாது என்று எஸ்தர் உத்தரவு. பக்கத்து வீட்டம்மாவிடமும் சொல்லியாயிற்று. அவள் வந்தால் பேச்சை மாற்றுகிறோம். காலையில் நாங்கள் மூன்று பேரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

வேலை விட்டு நேரே ராகேல் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். சாணி தெளித்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு மனை எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை. உனக்கு யார் சொன்னது, என் பெண்ணிடம் எப்போது பேசினாய் என்று கேட்டேன். கோயிலில் பார்த்திருப்பதோடு சரி, ஒரு வார்த்தை பேசினதில்லை என்றாள். கலியாணத்தை நிறுத்தச் சொல்கிறாரா உன் ஆண்டவர்? 'உன் ஆண்டவர்' என்றே சொல்லிவிட்டேன்.

"நிறுத்துன்னும் சொல்லலீங்க, நடத்துன்னும் சொல்லலீங்க. அழுவுறது மட்டுந்தான் காட்டினார். மிச்சத்த நானா சேத்துச் சொல்லக் கூடாதில்லீங்களா?"

கோபம் கூடிற்று. உன்னைப் பேச விட்ட என் வீட்டுமேலேயே கல்லைப் போட்டாயே என்றேன். அவள் மனையை எடுத்து உள்ளே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. வரும்போது சைக்கிளை மிதிக்கத் தோன்றவில்லை. உருட்டிக்கொண்டே வந்தேன். சூளைப் புகைபோக்கியின் வாய் பனிக்குள் சிவப்பாக, கீழே ஒன்றுமில்லாமல் தனியாக மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மற்றவர்களுக்குச் சொன்னபோதெல்லாம் இனித்தது. எனக்கென்று வரும்போது மட்டும் ஏன் வேப்பங்காய்?

19-1-72, புதன்

சபைச் சங்கம் கூடியது. சம்பந்தப்பட்டவன் என்பதால் என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஏற்பாட்டின்படி சரிதான். அந்த விதியும் நான் எழுதினதுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஜன்னல் ஓரம் பெஞ்சு. எல்லாம் கேட்டது. ராகேலை நிற்க வைத்து விசாரித்தார்கள். இயேசு மாம்சத்தில் வந்தார் என்று விசுவாசிக்கிறாயா? ஞானஸ்நானம் எங்கே எடுத்தாய்? புருஷனுக்கு அடங்கி நடக்கிறாயா? (யோவான் வாசலிலிருந்து, "நாந்தாங்க அடங்குறேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.) முன்னே சொன்னது எதுவாவது பொய்த்ததா? யாரிடமாவது எதையாவது கை நீட்டி வாங்கினாயா? எல்லாவற்றிலும் தேறினாள். செல்லையா விடவில்லை. கலியாண வீட்டைக் கலைக்கிற வார்த்தை எப்படிப் பக்திவிருத்தியாகும் என்றார். நல்ல கேள்வி. உள்ளே இருந்திருந்தால் நானும் அவர் பக்கம் சேர்ந்திருப்பேன். செல்லையாவின் பக்கம் நான்!

முடிவை ஐயர் வெளியே வந்து சொன்னார். வார்த்தையை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. மறு உத்தரவு வரை ராகேல் பேசக் கூடாது. மூன்றாம் ஓலை வாசிக்கப்படும். அப்பாடா என்று மூச்சு வந்தது. ஐயருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் வந்திருப்பேன். பனி, ஒரு பக்கமும் கரை இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவள் விசுவாசத்தைச் சோதித்தார்கள், ஞானஸ்நானத்தைச் சோதித்தார்கள், குடும்பத்தைச் சோதித்தார்கள். கிருபை அழுகிறாளா இல்லையா என்று ஒருத்தர் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். நானும் கேட்கவில்லையே. நான் அவளைப் பெற்றவன்.

21-1-72, வெள்ளி

நேற்று முழுக்கத் தைரியம் வரவில்லை. இன்று வேலை முடிகிற நேரம் பொம்மைப் பிரிவுக்குப் போனேன். மற்றப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். கிருபை தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். அலமாரி அலமாரியாக வெள்ளைப் பொம்மைகள், கண் எழுதாதவை. மேற்கு ஜன்னலிலிருந்து மஞ்சள் வெளிச்சம். தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அந்த அறையில் ஒரு சத்தமில்லை.

எப்படித் தொடங்குவது? நேராகச் சொன்னேன். போன ஞாயிறு ராகேல் உன்னைப் பற்றி இப்படிச் சொன்னாள். உண்மையா?

தூரிகையை வைத்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஆமாம் என்று தலை அசைந்தது.

யார் எதிரில் அழுதாய் என்றேன். சாட்சி தேடுகிற புத்தி என்னை விடவில்லை.

"யாரு எதிர்லயும் இல்லப்பா. இங்கதான். இதுங்களுக்குத்தான் கண்ணு இல்லியே."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை ஏதாவது தப்பாக நடந்தாரா? இல்லையாம், மரியாதையான மனிதராம். வேறு யாராவது மனதில் உண்டா? இல்லையாம். பின்னே என்னதான் காரணம்? குரல் உயர்ந்துவிட்டது.

"பொண்ணு பாக்க வந்தப்பவே வேணாம்னு தோணிச்சுப்பா. அவர் நல்லவருதான். காரணம் கேட்டீங்கன்னா எங்கிட்ட இல்ல. அதான் சொல்லல."

காரணமில்லாமல் எப்படிம்மா நிறுத்துவது என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குச் செல்லையா குரல் மாதிரி இருந்தது. ராகேல் சொல்வதற்கும் காரணம் ஏது? அதைக் கேளுங்கள், பொறுமையாக ஆராயுங்கள் என்று ஒரு வருஷம் வாதாடினவன் நான். மகள் சொல்வதற்கு ஒரு நிமிஷம் கொடுக்க மாட்டேனா? அழுதுவிட்டேன். அவள் தன் தாவணித் தலைப்பைக் கொடுத்தாள். அதிலும் வெள்ளை மண்.

22-1-72, சனி

எஸ்தரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். பத்திரிகை ஊரெல்லாம் போயாயிற்று, கடலூர்க்காரர்கள் காறித் துப்புவார்கள், அப்புறம் இவளை யார் கட்டுவார்கள்? எல்லாம் நியாயம். நானும் அதையேதான் ராத்திரி முழுக்கப் புரட்டினேன்.

மத்தியானம் ரசம் ஊற்றும்போது தானாகவே ஆரம்பித்தாள். "எனக்கு ஓலை வாசிச்சப்பவும் என்னை யாரும் கேக்கல." கரண்டி அப்படியே நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன், சாப்புடுங்க" என்றாள்.

சாயங்காலம் கடலூருக்குப் போய், கலியாணத்தை நிறுத்துகிறோம் என்று சம்பந்தியிடம் நேரில் சொன்னேன். தபாலில் சொல்கிற விஷயமா? அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மாப்பிள்ளை உள்ளிருந்து வந்து, ஓலை பாதியில் நின்றால் ஏன் என்று ஊர் கேட்குமே என்றார். உங்கள் மேல் குறையில்லை என்று சபையிலேயே சொல்கிறேன் என்றேன். நல்ல பிள்ளை. அதுதான் வேதனை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். நெய்வேலி விளக்குகள் பனிக்குள் ஒரு ஊரே வானத்தில் தொங்குவதுபோல.

23-1-72, ஞாயிறு

ஐயரிடம் ஆராதனைக்கு முன்பே சொல்லிவிடலாம் என்று சீக்கிரம் போனேன். அவர் கிராமத்து ஆராதனை முடித்து நேரே பீடத்துக்குத்தான் வந்தார். முடியவில்லை.

பழக்கத்தை மீறிக் கிருபையும் வந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. ராகேல் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள், பேசக் கூடாதென்று உத்தரவானதால் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எஸ்தர் முன்வரிசைக்குப் போகாமல் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். பாயில் ராகேலுக்கு ஒரு பக்கம் எஸ்தர், ஒரு பக்கம் கிருபை.

பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. மூன்றாம் ஓலை. ஐயர் வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்றார்.

எழுந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார்மேல் ஒரு குறையுமில்லை, ஆனாலும் இந்த ஓலையை நிறுத்த வேண்டும் என்றேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். செல்லையா இருந்த இடத்திலிருந்தே கேட்டார். "அந்தப் பொம்பள பேச்சக் கேட்டா இப்படிச் செய்யுறீங்க?"

"இல்லீங்க. எம் பொண்ணு பேச்சக் கேட்டு."

ஐயர் ஓலையை மடித்து அங்கிக்குள் வைத்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "ராகேல், இன்னிக்கு எதுனா இருந்தாச் சொல்லும்மா" என்றார்.

அவள் எழுந்து எங்களையெல்லாம் ஒரு தரம் பார்த்தாள். இன்றைக்கு ஒன்றும் காட்டவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காணிக்கைப் பாட்டு.