ஒற்றைக் கதவு வெளிச்சம்

சென்னை, 28.10.1998

பிரியமுள்ள மனைவி சண்முகத்தாய்க்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே? காட்டில் விதைப்பு முடிந்ததா? அம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கிக் கொடு.

ஸ்டூடியோவில் முதலாளி இரண்டு மாதமாகப் படம் எடுத்துப் பழக எனக்கு ஒரு கோழிமுட்டையையும் வெள்ளைத் துணியையும்தான் கொடுத்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் முட்டை உருண்டையாகத் தெரிய வேண்டும். நான் எடுத்தால் அப்பளம் மாதிரி தெரிகிறது. சிரிக்காதே.

நேற்று உன் போட்டோ வந்தது. முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, "எடுத்தவனுக்கு வெளிச்சம் தெரியுதுப்பா. யாரு?" என்றார். உன் அத்தை மகன், எட்டயபுரம் சீனிராஜ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான்தான் சார்" என்றேன். "அப்ப முட்டையையும் இதே மாதிரி எடு" என்று சொல்லிவிட்டார்.

அதற்காக இன்று முழுக்க உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கன்னத்தில் மட்டும் வெளிச்சம் விழுகிறது. வாசல் கதவில் ஒன்றைச் சாத்தியிருக்கிறான். நிழலைப் பார்த்தால் சாயங்காலம் நாலு மணி. அந்த நேரம் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலையில் இருப்பாளே?

"சீனி அத்தான் சிரிக்க வச்சு எடுத்தாவ" என்று வேறு எழுதியிருக்கிறாய். என் முட்டை சிரிக்காது.

முட்டைக்கு அடியில் விரிக்க உன் பழைய சேலை ஒன்றைத் தபாலில் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிடும். சீனிராஜ் மறுபடி கேமராவோடு வந்தால் இரண்டு கதவையும் அகலத் திறந்து வை. வெளிச்சம் கெட்டால் கெட்டுப்போகட்டும்.

உன்
ராமசுப்பு