நீல நூல்

காஜா பெராங், மலாக்கா

அண்ணனுக்கு,

நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருஷம் ஒரு கோலும் விடாமல் கோப்பை வாங்கித் தந்தீர்களே, அந்த ஹாக்கி ஆட்டத்தின் படம் காலேஜ் மண்டபத்தில் மாட்டியிருந்தது. அதில் நான் முதலில் பார்த்தது உங்கள் முகத்தை அல்ல. உங்கள் கால் பேடில் நான் நீல நூலால் போட்ட தையலைத்தான்.

ஆமாம் அண்ணே, நேற்று உங்கள் பாராட்டு விழாவுக்கு நான் வந்திருந்தேன். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உங்கள் சிநேகிதரின் அம்மா, பட்டுப் புடவையில். "கருணாகரனுக்கு நீ யாரும்மா?" என்று கேட்டார். நான் அம்மாவின் பழைய சேலையில் இருந்தேன். "அவங்க வீட்டுல வேலை செய்யிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேடையில் உங்கள் குரல் கேட்டது. "நான் படிக்கணும், விளையாடணும்னு என் தங்கச்சி பள்ளிக்கூடத்த விட்டுட்டுத் தையல் கடைக்குப் போச்சு. கௌரவப் பலகையில என் பேர மூடியிருக்கிற துணிய அதுதான் எடுக்கணும்."

அந்த அம்மா எட்டி எட்டிப் பார்த்தார். "எங்க அந்தப் பொண்ணு? கூச்சப்படுது போல."

நான் உங்களுக்காகக் கட்டி மடியில் வைத்திருந்த மாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பிரின்சிபலின் மனைவி துணியை எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

சாயங்காலம் சிங்கப்பூர் பஸ் ஏறும்போது, "ஏன் வரல, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டீர்கள். அதற்கும் ஆமாம் என்று பொய்யாகத் தலையை ஆட்டினேன்.

இன்று காலை வாடிப்போன மாலையை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா நிறுத்தி, "யாரு நீ?" என்றார்.

"கருணாகரனோட தங்கச்சி" என்றேன்.

உங்கள்
தங்கச்சி