தொண்டை பழுதென்ற அறிவிப்பு

அனுப்புநர்:
கோல்நார் தஷ்தி,
பாடகி, மேடைக் கலைஞர்,
கோத்தன்பர்க், சுவீடன்.

பெறுநர்:
நகரப் பண்பாட்டு அலுவலர் அவர்கள்,
கோத்தன்பர்க்.

பொருள்: என் குரல் கெட்டுவிட்டதாக ஏக்பக்கன் அரங்கத்தார் ஒட்டிய அறிவிப்பைத் திரும்பப் பெறச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் ஈரானின் புஷெர் துறைமுகத்தில் பிறந்தவள். ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாட அங்கே அனுமதியில்லை. ஆகவே இருபத்து நான்காம் வயதில் வெளியேறி, பத்தொன்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்கிறேன். பாட்டு, அசைவு, நிழல், தோளில் தொங்கும் முரசு ஆகியவற்றோடு தனியாளாக மேடையேறுவது என் தொழில்.

2. எங்கள் ஊர் மாலுமிகளின் வேலைப் பாட்டுகளைக் கொண்டு இரண்டாண்டு உழைத்து உருவாக்கிய நிகழ்ச்சி, கடந்த மே 12 அன்று ஏக்பக்கனில் நடக்கவிருந்தது. அன்று மதிய ஒத்திகையில் அரங்க மேலாளர் திரு. விக்மார்க், "பாட்டு இருக்கட்டும்ங்க, சனங்க உங்க கதையைப் பார்க்கத்தான் வர்றாங்க. முக்காட்டோட மேடை ஏறுங்க, கடைசிப் பாட்டுல கழட்டி வீசுங்க. அரங்கமே எழுந்து நிக்கும், பாருங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

3. நான் முக்காட்டைக் கழற்றியது உண்மை. அப்போது, நாட்டைவிட்டு வந்த விமானத்தில், என் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அதை மேடைதோறும் செய்துகாட்ட எனக்கு மனமில்லை. மாலுமிப் பாட்டில் அதற்கு வேலையும் இல்லை. மறுத்தேன்.

4. மூன்று மணிக்குள் வாசலில், "கலைஞரின் தொண்டை பழுதடைந்ததால் நிகழ்ச்சி ரத்து" என்ற தாள் ஒட்டப்பட்டது. ஆறு மணிக்கு வந்தவர்கள் திரும்பத் தொடங்கினர். அவர்களில் ஒருவரான, எங்கள் நாட்டவரும் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநருமான திருமதி அஷ்ரஃப் என் கையைப் பிடித்து, "தொண்டைக்கு என்னடி? நல்லாத்தானே பேசுற. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், நீ பாடாம நான் நகர மாட்டேன்" என்றார். அரங்கின் முற்றத்திலேயே முரசை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பாடினேன். நிழலுக்கு மாலை வெயில் போதுமானதாக இருந்தது. சுமார் நாற்பது பேர் நின்றே கேட்டனர்.

5. அந்தத் தாளின் படம் பரவியதால், மால்மோவிலும் ஆஸ்லோவிலும் உள்ள இரு அரங்குகள், குணமானதும் தெரிவிக்கும்படி எழுதி, என் நிகழ்ச்சிகளை நிறுத்தி வைத்துள்ளன. பாடாதே என்று சொன்ன நாட்டில்கூட, உன்னால் பாட முடியாது என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை.

6. இதற்கிடையே மே 15 அன்று அதே அரங்கத்தார் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியுள்ளனர். நான் அனுமதியின்றி முற்றத்தில் பாடியதாகவும், என் குரல் மூன்று தெரு தள்ளியுள்ள தீயணைப்பு நிலையம் வரை கேட்டதாகவும் அதில் கண்டுள்ளது. நகல் இணைத்துள்ளேன்.

ஆகவே, வாசலில் ஒட்டிய அறிவிப்பு தவறென்று அரங்கத்தார் எழுத்தில் தெரிவிக்கவும், அதை மேற்படி இரு அரங்குகளுக்கும் அனுப்பவும் ஆணையிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எச்சரிக்கைக் கடிதத்துக்கு என் தரப்பில் மறுப்பு ஏதும் இல்லை. அதில் கண்டுள்ளது அனைத்தும் உண்மை.

இடம்: கோத்தன்பர்க்
நாள்: 22 மே 2023

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
கோல்நார் தஷ்தி