திருமயத்தில் தலைப்பிரசவம்

கட்டுமாவடி
3.2.2025

சம்பந்தி அமுதவல்லி அவர்களுக்குச் செவந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் சிவரஞ்சனி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அவள் காதில் விழாமல் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் கடிதம்.

வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துவரலாம் என்று கார் பேசி வந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? கார் காலியாகத் திரும்பியதைத் தெருவே பார்த்தது. நேற்று அவள் ஸ்டேட்டஸில், உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள், நீங்கள் எண்ணெய் தேய்க்கிறீர்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. நான் சிக்கெடுத்து வளர்த்த தலை அது. என் பிள்ளையை அனுப்பிவையுங்கள்.

செவந்தி

திருமயம்
8.2.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

நான் பிடித்துவைக்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி இங்கிருந்து அரை மணி நேரம், உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் என்று அவளே முடிவு செய்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க அத்தை, நான் சொன்னா அழுவாங்க" என்றாள். பெண்பிள்ளை இல்லாத வீடு இது. அவள் இருப்பது எனக்கும் பிடித்திருக்கிறது. நீங்களும் வந்து இருங்கள், மாடியறை காலியாகத்தான் கிடக்கிறது.

அமுதவல்லி

கட்டுமாவடி
13.2.2025

சம்பந்திக்கு,

மகள் பிரசவத்துக்கு மாடியறையில் விருந்தாளியாக உட்கார எனக்குத் தெரியாது. வரமாட்டேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு கொடுக்க வேண்டும். உங்களுடையது மீன் ஏறாத வீடு. பருப்பும் ரசமுமா கொடுப்பீர்கள்? நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளை.

செவந்தி

திருமயம்
19.3.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

பேத்தி பிறந்ததைப் பிரசாந்த் சொன்னபோது "சந்தோஷம் மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்களாம். அதற்குப் பிறகு எங்கள் போனை நீங்கள் எடுப்பதில்லை.

பால் போதாமல் குழந்தை அழுதது. பிரசாந்தை அனுப்பிப் பால்சுறா வாங்கிவரச் சொன்னேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வீடியோ பார்த்து நானே புட்டு செய்தேன். என் அடுப்பில் மீன் வெந்தது இதுதான் முதல் தடவை. சிவரஞ்சனி ஒரு வாய் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு அத்தை. எங்கம்மா செய்றது மாதிரி இல்ல" என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள்.

இத்தனை நாள் பார்த்தவள் நான். அவள் கேட்பது உங்களை. எனக்கு உங்கள்மேல் பொறாமையாக இருக்கிறது சம்பந்தி. வாருங்கள்.

அமுதவல்லி

கட்டுமாவடி
22.3.2025

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பொறாமை என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை.

இதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறேன், வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். சுறா ஐஸில் இருக்கிறது. சட்டியும் என்னுடையது. நான் சமைத்து முடிக்கும் வரை சமையல்கட்டுப் பக்கம் வராதீர்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது நான்தான். சிவரஞ்சனிக்கு எண்ணெய் நீங்களே தேயுங்கள். பார்த்தால் எனக்கு எரியும், இருந்தாலும் தேயுங்கள்.

பேத்தி யார் சாயல் என்று நீங்கள் எழுதவில்லை. சொல்ல வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.

செவந்தி