அவள் படிக்கட்டும், நீ மாவு பிசை

கட்கி, புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முரளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்கு முனகிக்கொண்டிருக்கிறது. அங்கே காவ்யா நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். உன்னுடைய நலத்தை இந்தக் கடிதத்தில் நான் விசாரிக்கப் போவதில்லை, நீ நன்றாகத்தான் இருப்பாய், அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை.

போன் இருக்கும்போது எதற்கம்மா காகிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் மீட்டிங் என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய், அப்படிக் கேட்டால் அம்மா எலி மாதிரி கீச்சிடுகிறாள் என்று நீயே சொல்லிச் சிரித்தாயே. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, இங்கிலீஷும் ஹிந்தியும் மராத்தியும் படித்தவன் நீ, ஒரு தமிழ்ப் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் லோக்கல் ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடும். ஆகவே காவ்யாதான் இதைப் படித்துக் காட்ட வேண்டும், அது தெரிந்துதான் எழுதுகிறேன். காவ்யா, நீ பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள், தடுமாறாமல் படிப்பாய். உரக்கப் படி. ஒரு வார்த்தையையும் விழுங்காதே, அவன் மனம் நோகுமே என்று நீயாக மாற்றியும் படிக்காதே. நீ மாற்றுகிற ஆள்தான், அது எப்படி எனக்குத் தெரியும் என்று பின்னால் சொல்கிறேன்.

முரளி, நீ சோபாவில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாது. எழுந்து சமையலறைக்குப் போ. இங்கே பாணேரில் இருக்கிற நமக்குத் தெரிந்த வசந்தகுமார் ஆபீஸ் வேலையாகக் கனடாவுக்கு, உங்கள் கால்கரிக்கே வருகிறான் என்று தெரிந்ததும் அவன் கையில் ஒரு பை கொடுத்தனுப்பினேன், அதில் இந்தக் கடிதத்தோடு ஒரு சப்பாத்திக் கட்டையும் இருக்கும். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். கட்கி பஜாரில் நான் பார்த்துப் பார்த்து வாங்கிய கட்டை. அது உனக்கு, காவ்யாவுக்கு இல்லை. இப்போது அகலமான ஒரு பாத்திரம் எடு. இரண்டு கப் மைதா போடு, தேவையான உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை டீஸ்பூன் சோடா உப்பு போட்டுக் கலந்து, நடுவில் குழி செய்து முக்கால் கப் தயிரும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் ஊற்று. ஈஸ்ட் எங்கே என்று அலமாரியைக் குடையாதே, இதற்கு ஈஸ்ட் கிடையாது, தயிரும் சோடாவும் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊர்த் தயிர் கெட்டியாக இருக்குமாம், அதனால் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசை. காவ்யா, அவன் கை இரண்டும் மாவுக்குள் இறங்கும்வரை அடுத்த வரிக்குப் போகாதே.

இறங்கிவிட்டதா. நல்லது. இனி நீ போனைத் தொட முடியாது. இப்போது கேள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உங்கள் ஊரில் பனிப்புயல் அடித்தது. கடைகளை மூடிவிட்டார்கள், வீட்டில் பிரெட் இல்லை, கோதுமை மாவு தீர்ந்துபோயிற்று, இருந்தது கொஞ்சம் மைதாவும் அரை டப்பா தயிரும்தான். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுதும் நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ் வராமல் பாதி தூரம் பனியில் நடந்து வீட்டுக்கு வந்தவள், உனக்குப் பசிக்குமே என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் மாவில் கை வைத்தாள். நீ காலையிலிருந்து வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தவன். கட்டை இல்லாததால் ஒரு கண்ணாடி பாட்டிலை வைத்து உருட்டினாள். நீ பின்னால் நின்று வீடியோ எடுத்தாய். லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், நம்ம வீட்டு மேடம் டயர் செய்யறாங்க, பஞ்சர் ஆனவங்க எல்லாம் லைன்ல வாங்க, இதுக்குத்தான் கோயம்புத்தூர்ல இருந்து இம்போர்ட் பண்ணேன் என்று அதற்கு ஒரு கமென்டரி. கட்கியிலிருந்து வேலூர் வரை அத்தனை சொந்தமும் இருக்கிற குடும்பக் குரூப்பில் அதைக் கொண்டுபோய்ப் போட்டாய். வீடியோ முடிகிற இடத்தில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். அடுப்புக்கு மேலே ஓடுகிற ஃபேன் சத்தத்தில் நீ பேசியது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, ஏதோ நல்லதாகச் சொல்கிறாய் என்று நினைத்து முதலில் சிரிக்கிறாள், அப்புறம் உன் கையில் போனைப் பார்க்கிறாள், சிரிப்பு நின்றுபோகிறது. அந்த முகத்தையும் வெட்டாமல் போட்டிருக்கிறாயே, உனக்கு அது தமாஷாகவா தெரிந்தது.

உடனே உன் பெரிய அத்தை சிரிக்கிற மூஞ்சியாக வரிசை கட்டி அனுப்பினாள். ரஞ்சன்காவ் ஊரில் இருக்கிற சின்னதுரை சித்தப்பா, பொண்ணு பாக்கும்போதே மாவு பிசையச் சொல்லியிருக்கணும் அண்ணி என்று என் பெயரைப் போட்டே எழுதினார். உன் அப்பா எதையுமே முழுதாகப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர், பிள்ளை போட்டது என்றதும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். அந்தக் கட்டைவிரல்தான் இப்போது இங்கே தினமும் மாவு பிசைகிறது. முழங்கால் வலிக்குது கனகா என்று முதல் நாள் சொல்லிப் பார்த்தார், மாவை என்ன முழங்காலாலா பிசையப் போறீங்க என்று கேட்டேன், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கொஞ்ச நேரத்திலேயே காவ்யா குரூப்பை விட்டுப் போய்விட்டாள் என்று காட்டியது, நீ அதைப் பார்த்தாயோ இல்லையோ, ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டேன். போன் ஹேங் ஆயிருச்சுங்கத்தே, தானா வெளிய வந்துருச்சுங்க, அவரு சும்மா வெளையாட்டுக்குத்தான் போட்டாருங்க என்றாள். காதில் விழுந்ததா முரளி. அவளுடைய மானத்தை ஊர் பார்க்க நீ ஏலம் போட்ட மறுநாள், உன்னுடைய மானத்தைக் காப்பாற்ற அவள் என்னிடம் பொய் சொன்னாள். காவ்யா, இந்த இடத்தைத் தாண்டிப் போகப் பார்க்காதே, திரும்ப ஒரு தடவை படி. அவள் குரலே சரியில்லை, அதற்கு மேல் கேட்டால் அழுதுவிடுவாள் என்று தோன்றியது, அதனால் பேச்சை மாற்ற அந்த ரொட்டியை எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. இப்போது நீ பிசைந்துகொண்டிருப்பது அவள் சொன்ன அதே கணக்குத்தான்.

நானும் செய்து பார்த்தேன். நீ டயர் என்று சொன்னது சப்பாத்தியே இல்லையடா, தயிர் ஊற்றிப் பிசைகிற ரொட்டி. அது பூரி மாதிரி உப்புகிற சாமான் இல்லை, தடியாகத்தான் இருக்கும், அங்கங்கே கொப்புளம் வரும், உள்ளே மெத்தென்று இருக்கும். இன்னதென்றே தெரியாத ஒன்றைக் கேலி செய்ய உனக்கு எவ்வளவு தைரியம். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் கதம் காக்குவுக்கு ஒன்று கொடுத்தேன், ஆயிரம் நொட்டை சொல்கிற அந்த அம்மாள் ஏகதம் மவூ, அதாவது அவ்வளவு மெத்து என்று சொல்லி அவர்கள் வீட்டு ஆமட்டிப் பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் உருளைக்கிழங்கு மசாலாவோடு இதைப் போட்டேன். அண்ணி, ரொட்டி பஞ்சாட்டம் இருக்கே, எந்த ஓட்டல்ல வாங்கினீங்க என்று கேட்டுக்கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி முடிக்கட்டும் என்று காத்திருந்து, இதுதான் நீங்க சிரிச்ச டயர், இப்ப வயித்துக்குள்ள நாலு சக்கரம் ஓடுது என்றேன். அந்த மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. அண்ணி, பையன் ஜோக்கா போட்டான், நானும் ஜோக்கா போட்டேன் என்றார். உங்க பொண்ணை அவ புருஷன் இப்படி ஜோக் பண்ணா சிரிப்பீங்களா என்று கேட்டேன். அங்கேயே குரூப்பில் கும்பிடுகிற கை ஒன்று போட்டு மன்னிப்பு என்று எழுதினார். எழுதி என்ன, அதைப் படிக்க வேண்டியவள் அங்கே இல்லையே.

மாவு இப்போது கையில் ஒட்டாமல் சேர்ந்து வந்திருக்கும். ஈரத்துணி போட்டு மூடி இருபது நிமிஷம் அப்படியே விடு. கையைக் கழுவாதே, கழுவினால் போனைத் தேடுவாய். அந்த நேரத்தில் உன்னுடைய புகாருக்கு வருகிறேன். இந்தப் புதன்கிழமை கூப்பிட்டு என்ன சொன்னாய். அம்மா, இவ ஒரு மாசமா கிச்சன் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல, டெய்லி வெளிச் சாப்பாடு, வயிறே கெட்டுப்போச்சு, நீ கொஞ்சம் சொல்லி வை என்றாய். இதோ சொல்லி வைக்கிறேன், உனக்கு. உன் வயிறு கெட்டது உனக்குத் தெரிந்தது, அவள் ஏன் அடுப்புப் பக்கம் போகவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாயா. அவள் கைக்குச் சோம்பல் வரவில்லை, கூச்சம் வந்துவிட்டது, எதைத் தொட்டாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு போன் நிற்கிறதோ என்று திரும்பிப் பார்க்கிற கூச்சம். அவளும் உன்னை மாதிரி வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவள், சமைத்தே ஆக வேண்டும் என்று அவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை, உன் மேல் இருந்த பிரியத்தில் செய்துகொண்டிருந்தாள். என் பயம் என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். இன்றைக்குச் சமையலை விட்டவள் நாளைக்குப் பேச்சை விடுவாள். பேச்சு நின்றுபோன வீட்டில் இரண்டு பேர் எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தாலும் அது லாட்ஜ்தான். நீ கூப்பிட்டு வயிறு வயிறு என்று புலம்பியபோது எனக்கு அந்த லாட்ஜ்தான் கண்ணில் தெரிந்தது. வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு நீ பிடிக்காதவனாக ஆகிக்கொண்டிருக்கிறாய், அது உனக்குத் தெரியவே இல்லை.

சரி, துணியை எடு. பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, மேலே கொஞ்சம் மாவு தூவி, கட்டையால் தேய். சப்பாத்தியைவிடத் தடியாக இருக்கட்டும். உனக்கு வட்டமாக வராது, மகாராஷ்டிரா மேப் மாதிரிதான் வரும், வந்துவிட்டுப் போகட்டும். காவ்யா, உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி, ஆனால் வீடியோ எடுக்காதே, உனக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா. கல் நன்றாகக் காயட்டும், எண்ணெய் வேண்டாம். போட்டதும் மேலே கொப்புளம் கிளம்பும், அப்போது திருப்பி ஒரு மூடியைப் போட்டு மூடு, இரண்டு பக்கமும் செம்புள்ளி விழுந்ததும் எடுத்து வெண்ணெய் தடவு. பாத்திரம் தேய்ப்பதும் நீதான், மைதா காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும், அப்போது தெரியும் அவள் தினமும் என்ன தேய்த்தாள் என்று. முதல் ரொட்டியை அவள் தட்டில் வை. அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தர மாட்டேன், அதையும் அவளே உனக்குப் படித்துக் காட்ட வேண்டுமா என்ன. சித்தப்பா மாதிரி கும்பிடுகிற கைப் படம் போட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்காதே, வாயால் சொல். அவளிடம் சொன்ன பிறகு குரூப்பிலும் சொல், வீடியோவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் சரியாகிவிடாது, சிரித்த அத்தனை பேரும் நீ செய்தது தப்பு என்று உன் வாயால் கேட்க வேண்டும்.

காவ்யா, இனிமேல் வருவது உனக்கு, ஆனால் இதையும் உரக்கத்தான் படிக்க வேண்டும், அவன் உன் குரலில் கேட்கட்டும். நான் இத்தனை எழுதியதற்காக நீ இவனை மன்னித்தே ஆக வேண்டும் என்று இல்லை. மாமியாரே நமக்காகப் பேசினாளே என்று எதையும் பொறுத்துப் போகவும் வேண்டாம். ரொட்டி நன்றாக வந்திருந்தால் சாப்பிடு, அதற்கு மேல் உன் இஷ்டம். இவன் எனக்குப் பிள்ளை, அதை மாற்ற எனக்கு வழி இல்லை, எப்படி இருந்தாலும் நான் சுமந்துதான் ஆக வேண்டும். உனக்கு இவன் புருஷன், அதற்கு வழி இருக்கிறது. என்றைக்காவது அந்த வழிதான் என்று உனக்குத் தோன்றி, அதை உன் அம்மா வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால், நேராகக் கட்கிக்கு வா. கதவைத் திறந்துவிட நான் இருக்கிறேன்.

காவ்யாவுக்கு என் ஆசீர்வாதம், எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இரு அம்மா. முரளி, உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, அதற்கு லாயக்காக நடந்துகொள். அந்தக் குளிரில் வெளியே போகும்போது இரண்டு பேரும் காதை மூடிக்கொண்டு போங்கள். வசந்தகுமாரை ஒரு வேளை சாப்பிடக் கூப்பிடுங்கள், சமையல் முரளியுடையது. முரளி, அவள் இப்போது படித்ததைக் கேட்டுவிட்டு நீ அப்படியே நின்றுகொண்டிருப்பாய், கல்லில் கிடப்பது கருகிக்கொண்டிருக்கும், சீக்கிரம் திருப்பிப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகவல்லி